ஜெய்னம்புவின் கொழுப்பு

பாலாவிச் சந்தியிலிருந்து கற்பிட்டி வரைக்கும் மக்பூலின் குரலைக் கேட்காத காது இல்லை. திரீவீல் ஆட்டோவின் கூரையில் இரண்டு ஸ்பீக்கர்களைக் கட்டிக்கொண்டு, ஊருக்குச் சொல்லவேண்டியதைச் சொல்லிக்கொண்டு போவதுதான் அவன் தொழில். புடவைக்கடையின் பெருநாள் விலைக்கழிவு, பள்ளிவாசலில் நடக்கப்போகும் பயான் பேச்சு, தண்ணீர் வெட்டு, காணாமற்போன மாடு, எல்லாம் அவன் வாயால்தான் வெளியே வரும். மாட்டைப் பற்றிக்கூட அவனால் சும்மா சொல்ல முடியாது. "ஒரு கொம்பு வளைஞ்ச மாடு. பேர் சொல்லிக் கூப்பிட்டாத் திரும்பிப் பாக்காது, முதலாளியோட கோவம்" என்று ஒன்றைச் சேர்த்துவிடுவான். உப்பளத்தில் நிற்பவர்கள் கையிலிருந்ததைப் போட்டுவிட்டுச் சிரிப்பார்கள். கால்பந்துப் போட்டி என்றால் மைக் அவன் கையில்தான். பந்தைப் பார்க்க வருகிறவர்களில் பாதிப்பேர் மக்பூலைக் கேட்க வருகிறவர்கள்.

இத்தனை பேரைச் சிரிக்கவைத்தவனுக்கு வீட்டில் மட்டும் ஒன்றும் நடக்கவில்லை. அவன் மனைவி ஜெய்னம்பு சிரிக்கவே மாட்டாள்.

அவள் மன்னார்ப் பக்கம். தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தில், வடக்கிலிருந்த முஸ்லிம்கள் எல்லோரையும் இயக்கம் துரத்தியபோது, உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு புத்தளத்துக்குப் பக்கத்திலுள்ள தில்லையடிக்கு வந்த சின்னப்பிள்ளை. ஓலைக்கொட்டிலில் வளர்ந்து, அந்தக் கொட்டில் கல்வீடாக மாறியபோது கலியாணவயதுக்கு வந்தாள். மக்பூல் புத்தளத்தான். பெண்பார்க்கப் போன அன்று அவன் தன்னிடம் இருந்த மிகச்சிறந்த பகிடியை எடுத்துவிட்டான். பெண்ணின் உம்மா சிரித்தார். பக்கத்து வீட்டுக்காரி சிரித்தாள். தேத்தண்ணி கொண்டுவந்த பெண் மட்டும் சுவரைப் பார்ப்பதுபோல அவனைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். 'வெட்கம்' என்று நினைத்து மக்பூல் சம்மதித்தான்.

வெட்கம் ஒரு வருஷத்தில் தீரும், இரண்டு வருஷத்தில் தீரும். இது தீரவில்லை. மகள் ஷிம்லா பிறந்தாள், நடந்தாள், பள்ளிக்கூடம் போனாள், உயர்தர வகுப்புவரை வந்துவிட்டாள். ஜெய்னம்புவின் முகம் அப்படியே இருந்தது.

மக்பூலின் மூத்த சகோதரி அலீமா கலியாணத்தன்றே ஒரு சொல்லில் முடித்துவிட்டாள். "கொழுப்பு."

"ராத்தா, அப்பிடிச் சொல்லாதீங்க."

"பின்ன? சிரிப்பும் இல்ல, ஒண்டும் இல்ல. நடக்கிறதப் பாரன், நெஞ்ச நிமித்திக்கிட்டு, வயித்தத் தள்ளிக்கிட்டு, கவர்னர் மாதிரி. ஸலாம் சொன்னாக் கையக்கூட ஒழுங்காத் தூக்கிறா இல்ல. அகதியா வந்தவவுக்கு இவ்வளவு பெருமையா?"

மக்பூல் பெண்சாதிக்காகப் பரிந்து பேசினாலும், உள்ளுக்குள் ராத்தா சொல்வது சரியோ என்று ஒரு முள் குத்திக்கொண்டே இருந்தது. புதுமாப்பிள்ளையாக இருந்த காலத்தில், படுக்கையில் சாய்ந்துகொண்டு அன்று நடந்த கதைகளையெல்லாம் அவளுக்குச் சொல்லுவான். அவள் பாதிக்கண்ணால் அவனையே பார்த்துக்கொண்டு கிடப்பாள். அவனும் கையை ஆட்டி, குரலை மாற்றி, மீன்காரன் லோறியைத் துரத்திய கதையை முழுசாகச் சொல்லி முடிப்பான். ஒரு அசைவும் இருக்காது. அப்புறம் மெல்லிய குறட்டை கேட்கும். கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிற மனுசியை அவன் அதுவரை கண்டதில்லை. 'என்ட கதைக்குக் கண்ண மூடுறதுகூட வீண் எண்டு நெனைக்கிறா' என்று எடுத்துக்கொண்டான். மைக் பிடிக்கிற ஆளுக்கு இதைவிட அவமானம் என்ன வேண்டும்?

இப்படியே ஓடிக்கொண்டிருந்த குடும்பத்தில், அலீமாவின் மகள் கலியாணம் வந்தது.

அந்த நேரம் ஜெய்னம்புவுக்கு உடம்பு வேறுமாதிரியும் தொந்தரவு கொடுத்துக்கொண்டிருந்தது. கொடியில் உடுப்புக் காயப்போடக் கை எழும்பவில்லை. அலுமாரியின் மேல்தட்டை ஷிம்லாதான் எட்டவேண்டும். வலதுகால் பாதம் தரையில் இழுபட்டு, சமதரையிலேயே தடுக்கியது. எண்ணெய் போட்டு உருவினார்கள். பள்ளிவாசல் லெப்பையிடம் தண்ணீர் ஓதி வாங்கிக் குடிக்கக் கொடுத்தார்கள். புத்தளத்தில் ஒரு டொக்டர் வாதம் என்று குளிசை எழுதினார். அவள் யாரிடமும் முறையிடவில்லை. முறையிட்டாலும் முகத்தில் வலி தெரியாததால் யாரும் நம்பவில்லை.

கலியாணவீட்டில் மாப்பிள்ளை பக்கத்துப் பெண்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். அலீமா வேண்டுமென்றே, இனிப்பு வட்டிலப்பம் நிறைந்த பெரிய தட்டத்தைத் தூக்கி ஜெய்னம்புவின் கையில் கொடுத்தாள். "சம்பந்திக்கு நீயே கொண்டுபோய் வை. மரியாத தெரிஞ்ச ஆக்கள் எண்டு காட்டு."

ஜெய்னம்பு கொண்டுபோனாள். பாயின் ஓரத்தில் வலதுபாதம் தடுக்கியது. தட்டத்தை உயர்த்திப் பிடிக்கக் கைக்கு வலு இல்லை. வட்டிலப்பம் முழுவதும், ஒரு துண்டும் சிந்தாமல், மாப்பிள்ளையின் உம்மாவுடைய மடியில் போய் இறங்கியது.

எல்லோரும் ஜெய்னம்புவின் முகத்தைப் பார்த்தார்கள். ஒரு பதற்றம், ஒரு அசட்டுச் சிரிப்பு, ஏதாவது ஒன்று வந்திருந்தால் போதும். அவள் சுவர்மாதிரி நின்றுகொண்டு, "மன்னிச்சுக்கங்க, தெரியாம நடந்துட்டு" என்றாள், பஸ்ஸில் டிக்கட் கேட்கிற குரலில்.

"தெரியாம நடந்த முகமா இது?" என்று சம்பந்தியம்மா எழும்பினார். வட்டிலப்பம் நழுவிப் பாயில் விழுந்தது. அதற்குப்பிறகு அலீமா பேசியதை எழுதவேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்ததும் மக்பூலுக்கும் கோபம் வந்தது. "நீ வேணுமெண்டா செஞ்ச? உண்மையச் சொல்லு."

ஜெய்னம்பு இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கப் பார்த்தாள். கைகள் தோள்மட்டத்தில் நின்றுவிட்டன. இன்னும் தூக்கினாள். முதுகில் தோள்பட்டை எலும்பு இரண்டும் கோழிச்செட்டைபோல உடுப்புக்குள் புடைத்துக்கொண்டு வந்தன. கை மட்டும் மேலே போகவில்லை. அவள் முகம் கல்லாகவே இருந்தது, ஆனால் கண்ணிலிருந்து தண்ணீர் ஒழுகியது. அழுகிற முகம் இல்லாமல் அழுகை மட்டும் வருவதை மக்பூல் பார்த்துக்கொண்டு நின்றான். பயம் அவனை அப்போதுதான் பிடித்தது.

அடுத்த கிழமை கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

நரம்பு டொக்டரின் பெயர் மரியநாயகம். தமிழ்க்காரர். வயதானவர், அவசரமில்லாதவர். ஜெய்னம்புவை நடக்கவிட்டார், கதிரையிலிருந்து எழும்பவிட்டார், சுவரைக் கையால் தள்ளச்சொல்லி முதுகைப் பார்த்தார். பிறகு முகத்துக்கு வந்தார்.

"கண்ண இறுக்கி மூடுங்க. இன்னும். சரி. கன்னத்த ஊதுங்க. சரி, காத்து வெளிய போகுது. இப்ப விசிலடிங்க பாப்பம்."

ஜெய்னம்பு திடுக்கிட்டாள். "நாங்க அந்தமாதிரிக் குடும்பம் இல்ல டொக்டர்."

"மருத்துவத்துக்குத்தான் அம்மா."

அவள் உதட்டைக் குவிக்கப் பார்த்தாள். காற்றுத்தான் வந்தது.

"பரவாயில்ல. கொஞ்சம் சிரிங்க."

மக்பூல் கதிரையில் சாய்ந்துகொண்டான். 'பாவம் மனுசன். நான் இத்தன வருஷம் தலகீழா நிண்டு ஏலாமப் போனத, இவர் ஒரு சொல்லில வாங்கலாமெண்டு பாக்கிறார்.' ஜெய்னம்பு டொக்டரை வெறித்துப் பார்த்தாள். டொக்டர் "சரி" என்று ஏதோ எழுதிக்கொண்டார். அவரும் கைவிட்டுவிட்டார் என்று மக்பூலுக்கு ஒரு அற்ப திருப்தி.

"இது வாதம் இல்ல. தசையில வாற வருத்தம். பரம்பரையா வாறதில கனக்க சாதி இரிக்கு. வெளிய இருந்து பாத்தா ஒண்டுக்கொண்டு மாமன் மச்சான்மாதிரித் தெரியும். அதுக்குத்தான் எம்.ஆர்.ஐ. எடுப்பம். எந்தத் தச கெட்டிருக்கு, எது தப்பியிருக்கு, வலம் கூடவா இடம் கூடவா எண்டு படத்தில தெரியும். அந்தக் கோலத்தப் பாத்து என்ன சாதி எண்டு ஒரு முடிவுக்கு வந்தா, பொறகு எந்த ரத்தச்சோதனைக்கு அனுப்பிறதெண்டு தெரியும். கண்ண மூடிக்கிட்டு எல்லாத்துக்கும் அனுப்ப ஏலா."

ஸ்கேன் எடுக்கிற இடத்தில் லோறன்ஸ் என்ற ஆள் மெஷினுக்குப் பொறுப்பு. சிலாபத்துச் சிங்களவன், கலகலப்பானவன். மெஷின் ஒரு பெரிய காந்தம், இரும்புத்துண்டு ஒன்றும் உள்ளே போகக்கூடாது என்று சொல்லி, உடுப்பு மாற்ற அனுப்பினான். ஜெய்னம்பு தலையை மூடியிருந்த துணியிலிருந்து பின் கழற்றத் தொடங்கினாள். காதோரம் ஒன்று, தோளில் ஒன்று, கழுத்தடியில் ஒரு கூட்டம். தாதி நீட்டிய கிண்ணத்தில் அவை டிங் டிங் என்று விழுந்துகொண்டே இருந்தன. "முடிஞ்சுதா?" என்று தாதி கேட்பாள், "ஓம்" என்பாள் ஜெய்னம்பு, இன்னொன்று வரும். கடைசியில் தாதி சின்னக் காந்தம் ஒன்றால் அவளை மேலிருந்து கீழ்வரை தடவிப் பார்த்துவிட்டே விட்டாள்.

அவளைத் தட்டில் படுக்கவைத்து, பயம் வந்தால் அமத்துவதற்குக் கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, குழாய்க்குள் அனுப்பினார்கள். தலையிலிருந்து கால்வரை முழு உடம்பும் எடுக்கவேண்டும், நேரம் செல்லும் என்றார்கள். மக்பூல் வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்தான். உள்ளே டக் டக் டக் என்று கல் உடைக்கிற சத்தம்.

கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது. லோறன்ஸ் வியர்த்துப்போய் வெளியே வந்தான்.

"நானா, உங்கட நோனா பந்த அமத்திட்டா. ஒரே பயப்படுறா. எண்ட தமிழ் காணாது."

நடந்தது இதுதான். நெஞ்சுப்பக்கம் படம் எடுக்கும்போது மூச்சை அடக்கவேண்டும். லோறன்ஸுக்கு "மூச்சைப் பிடிங்க" என்று தமிழில் தெரியும். அதை அழகாகச் சொன்னான். படம் எடுத்து முடிந்ததும் "இனி விடுங்க" என்று சொல்லவேண்டிய இடத்தில் சொல் வாயில் வரவில்லை. "ஹரி, ஹரி" என்றான், சரி என்பதற்கான சிங்களத்தில். ஜெய்னம்பு, சரியாகத்தான் செய்கிறாய் என்று சொல்கிறான் என்று நினைத்து, மூச்சைப் பிடித்தபடியே கிடந்தாள். அவன் இன்னும் உற்சாகமாக "ஹரி நோனா, ஹரி!" என்றான். அவள் இன்னும் இறுக்கிப் பிடித்தாள். கண் இருண்டு வந்தபிறகுதான் பந்தை அமத்தினாள்.

"நீங்க மைக்கில சொல்லுங்களன்," என்றான் லோறன்ஸ், பாதிச் சிங்களம் கலந்து. "நான் காட்டிறன், நீங்க தமிழில சொல்லுங்க. வேற ஒண்டும் வாணாம்."

கண்ணாடிக்கு இந்தப்பக்கம், மெஷினைப் பார்த்தபடி ஒரு மேசை. மேசையில் திரைகள். அதன் நடுவே, வளைந்த கழுத்தோடு ஒரு மைக்.

மக்பூல் அதைப் பார்த்தான். பசித்தவன் சோற்றைப் பார்க்கிறமாதிரிப் பார்த்தான். விரலால் ஒருதரம் தட்டிப் பார்த்தான், வழக்கத்தில்.

முதலில் ஒழுங்காகத்தான் சொன்னான். "மூச்சப் புடி. இப்ப விடு. பயப்பிடாத, நான் இஞ்சதான் இரிக்கிறன்." ஜெய்னம்பு அமைதியானாள். நெஞ்சு முடிந்து, மெஷின் தோள்பக்கம் தொடங்கியது. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அவளுடைய பாதம் இரண்டும் மட்டும் தெரிந்தன. வலதுபாதம் தொங்கிப்போய்க் கிடந்தது. அதைப் பார்க்க மக்பூலுக்கு அழுகை வரும்போல இருந்தது. அழுகை வரும்போதெல்லாம் அவனுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். லோறன்ஸ் குனிந்து எதையோ எழுதுகிற நேரம் பார்த்து, மைக்கை வாயருகே இழுத்தான்.

"அன்பார்ந்த பொதுமக்களுக்கோர் முக்கிய அறிவித்தல். தில்லையடியைச் சேர்ந்த ஜெய்னம்பு என்பவர் இன்று காலை முதல் ஒரு குழாய்க்குள் காணாமற்போயுள்ளார். அடையாளம்: மாநிறம். கோபம் வந்தால் பேசமாட்டார், கோபம் வராவிட்டாலும் பேசமாட்டார். கண்டுபிடித்துத் தருபவருக்கு வட்டிலப்பம் வழங்கப்படும். தட்டத்தில் அல்ல, மடியில் வழங்கப்படும். மாற்றுச் சாரம் கொண்டுவரவும்."

"ஐயோ நானா!" லோறன்ஸ் துள்ளி எழும்பினான். "என்ன செய்யிறீங்க? படம் கலங்குது! அவ சிரிக்கிறா!"

"ஆரு?"

"உங்கட நோனாதான்!"

மக்பூல் அனுதாபத்தோடு அவனைப் பார்த்தான். "தம்பி, அவ சிரிக்கமாட்டா. அது இருமலா இரிக்கும்."

லோறன்ஸ் திரையைக் காட்டி, சிங்களமும் தமிழுமாய் விளக்கினான். முன்னே எடுத்த படத்தில் தோள் எலும்பு, தசை எல்லாம் கோடு கிழித்ததுபோலத் தெளிவாக இருந்தன. இப்போது வந்த படத்தில் அதே தோள், ஈரச்சுவரில் கையால் தேய்த்ததுபோல அலையலையாகக் கலங்கியிருந்தது. "இருமல் எண்டா ஒருக்கா ரெண்டுதரம் ஆடும், நிக்கும். இதப் பாருங்க, நிக்கவே இல்ல. இது விழுந்து விழுந்து சிரிக்கிறது. இதில கனக்க ஆக்களப் பாத்திருக்கிறன்." சொல்லிவிட்டு ஒரு பொத்தானை அழுத்தினான். "கேளுங்க."

ஸ்பீக்கரில் குழாய்க்குள்ளிருந்து சத்தம் வந்தது. "ஹ்க். ஹ்க். ஹ்க்."

மக்பூலுக்கு அந்தச் சத்தம் தெரியும். அடுப்படிக் குசினியிலிருந்து கேட்டிருக்கிறான். திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து கேட்டிருக்கிறான். வீட்டுக்கு வந்த சினேகிதர்களுக்கு அவன் பகிடி சொல்லுகிற நேரமெல்லாம் கேட்டிருக்கிறான். பெண்பார்க்கப் போன அன்று, தேத்தண்ணித் தட்டோடு அவள் உள்ளே போனபிறகும் கேட்டது. தொண்டையைச் செருமுகிறாள், கதையை நிறுத்தச் சொல்கிறாள் என்றுதான் இத்தனைகாலமும் நினைத்திருந்தான்.

அப்படியே லோறன்ஸின் கதிரையில் உட்கார்ந்தான்.

"நானா, அது எண்ட கதிர," என்றான் லோறன்ஸ். பிறகு அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, இருங்க. ஆனா மைக்கில கைவெக்க வாணாம்" என்று, மைக்கைத் தூக்கி மறுபக்கம் வைத்தான். தோள்பக்கம் முழுவதையும் திரும்ப எடுக்கவேண்டி வந்தது. குழாய்க்குள் "ஹ்க்" அடங்கவே கொஞ்சநேரம் போயிற்று.

மரியநாயகம் டொக்டர் படங்களைத் திரையில் போட்டு அவர்களுக்குக் காட்டினார். ஷிம்லாவையும் அன்றைக்குக் கூட்டிவரச் சொல்லியிருந்தார்.

"இது தொடை, குறுக்கா வெட்டிப் பாத்தமாதிரி. இந்தச் சாம்பல்நிறம் நல்ல தச. இந்த வெள்ள, கொழுப்பு. இஞ்ச பின்பக்கம் தச போய் கொழுப்பாகிட்டு. முன்பக்கம் அநேகமாத் தப்பியிருக்கு. முழங்காலுக்குக் கீழ முன்பக்கம் கெட்டிருக்கு, வலதில கூட, இடதில கொறைய. வயித்துத் தசையும் மெலிஞ்சு போயிருக்கு, அதாலதான் நெஞ்ச நிமித்தி நடக்கிறா, இல்லாட்டி விழுந்திடுவா. முதுகில தோள்பட்டையப் புடிச்சிருக்கிற தசையெல்லாம் வெள்ள. இந்தக் கோலம், முகத்தையும் சேத்துப் பாத்தா, ஒரு வருத்தத்தத்தான் காட்டுது. பேஸியோ ஸ்கெப்யூலோ ஹ்யூமரல். முகம், தோள்பட்டை, மேல்கை. இனி ரத்தத்த அதுக்கெண்டே வெளிநாட்டுக்கு அனுப்பி உறுதிப்படுத்தலாம்."

மக்பூல் பெயரை வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். வெளிநாட்டிலிருந்து ஒரு போட்டிக்கு மட்டும் கூட்டிவருகிற ஆட்டக்காரன் பெயர்மாதிரி இருந்தது. ஆனால் அவன் கேட்டது வேறு.

"டொக்டர், அப்ப அவட சிரிப்பு?"

"அவ சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்திருக்கிறா. வாயோரத்தத் தூக்கிற தசைக்கு வலு இல்ல. உள்ளுக்கு நடக்கிறது முகத்துக்கு வந்து சேரல்ல. கண்ண மூடுற தசையும் அப்பிடித்தான். நித்திரையில கண் முழுசா மூடாது. அதுக்கு மருந்து தாறன், கண் காஞ்சு போகக்கூடாது."

மக்பூல் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். மீன்காரன் கதையெல்லாம் நித்திரையில் கிடந்தவளுக்குத்தான் சொன்னோம் என்று புரிந்தது.

டொக்டர் குடும்பத்தில் வேறு யாருக்கும் இப்படி இருந்ததா என்று கேட்டார். "எங்கட வாப்பாவும் கண்ணத் தொறந்துக்கிட்டுத்தான் நித்திர கொள்ளுவார்," என்றாள் ஜெய்னம்பு. "எடம்பெயந்து வந்த புதுசில பாலாவியில ஒரு உப்புக் களஞ்சியத்துக்குக் காவலுக்குப் போட்டாங்க. எப்ப எட்டிப்பாத்தாலும் முழிச்சுக்கிட்டு இரிக்கிறார் எண்டு முதலாளி எல்லாருக்கும் சொல்லிச் சொல்லிப் பெருமப்பட்டார். அவர் பொழுதுவிடியும்வரைக்கும் நல்ல நித்திர." டொக்டர் சிரித்துவிட்டார். ஜெய்னம்புவின் தோள் லேசாக ஆடியது. மக்பூல் இப்போது அதைக் கண்டான்.

"ஸுஹைப் எண்டு கூடப்பொறந்த நானா ஒருத்தர் இரிக்கிறார். யுத்தம் முடிஞ்சு மன்னாருக்கே திரும்பிப் போயிட்டார். அவரும் என்னமாதிரித்தான்."

"அவரையும் ஒருக்கா வரச்சொல்லுங்க," என்ற டொக்டர், ஷிம்லாவைப் பார்த்தார். இந்த வருத்தம் தாயிடமோ தகப்பனிடமோ இருந்து பிள்ளைக்குப் போகக்கூடியது, சரிபாதிச் சந்தர்ப்பம் என்று அவர் முதலே சொல்லியிருந்தார். "மகள், கண்ண இறுக்கி மூடுங்க. நல்லம். கை ரெண்டையும் மேல தூக்குங்க. நல்லம். விசிலடிக்கத் தெரியுமா?"

ஷிம்லா தகப்பனைப் பார்த்தாள், தாயைப் பார்த்தாள். பிறகு இரண்டு விரலை வாய்க்குள் விட்டு ஒன்று அடித்தாள். வெளியே வரிசையில் நின்றவர்கள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். தாதி ஓடிவந்தாள்.

"விரல் வாணாம் மகள், உதட்டால போதும்," என்றார் டொக்டர் காதைத் தேய்த்துக்கொண்டு.

உதட்டாலும் அடித்தாள், ஒரு பாட்டின் முதலடி முழுவதையும்.

"அல்ஹம்துலில்லாஹ்!" என்றான் மக்பூல்.

"எங்க பழகின?" என்றாள் ஜெய்னம்பு.

"இத வெச்சு இல்லையெண்டு முடிவு சொல்ல ஏலா," என்றார் டொக்டர். "சிலருக்குப் பிந்தித்தான் காட்டும். வளந்தபொறகு, அவவே விரும்பினா ரத்தம் பாக்கலாம். இப்போதைக்கு நல்ல சகுனம். அவ்வளவுதான்." பிறகு ஜெய்னம்புவின் பக்கம் திரும்பி, இதைச் சுகமாக்க மருந்து இன்னும் வரவில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார். மெதுவாகத்தான் கூடும், உயிருக்கு ஆபத்து அநேகமாக இல்லை, பாதத்துக்கு ஒரு பட்டி போட்டால் தடுக்காது, பாரம் தூக்கக்கூடாது, பயிற்சி அளவாகச் செய்யவேண்டும். ஜெய்னம்பு எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

"உங்களுக்கு ஏதும் கேக்க இரிக்கா?" என்றார் டொக்டர்.

"இல்ல. பெருமைக்காரி எண்டுதான் இவ்வளவு காலமும் பேர். இப்ப வேற பேர் தந்திருக்கிறீங்க. அது போதும்."

புத்தளம் பஸ்ஸில் ஷிம்லா முன்சீட்டில் தூங்கிப்போனாள். மாரவில தாண்டும்வரை மக்பூல் வாய்திறக்கவில்லை. அது அவனோடு பஸ்ஸில் ஏறிய யாரும் கண்டிராத விஷயம்.

"நீ ஏன் சொல்லல்ல?" என்றான் கடைசியில். "சிரிக்கிறன் எண்டு ஒரு வார்த்த."

"சிரிக்கிற ஆக்கள் ஆராவது, நான் இப்ப சிரிக்கிறன் எண்டு சொல்லுவாங்களா? நான் சிரிக்கிறன் எண்டுதான் நெனச்சன். கண்ணாடியப் பாத்துக்கிட்டா சிரிப்பாங்க?" அவள் ஜன்னல்பக்கம் திரும்பிக்கொண்டாள். "நீங்கதான் ஒவ்வொரு பகிடிக்கும் பொறகு என்ன மொறச்சுப் பாத்துட்டு எழும்பிப் போவீங்க. நான் சிரிச்சா உங்களுக்குப் புடிக்கல்ல எண்டு நெனச்சன். அதால வாயப் பொத்திக்கிட்டு குசினிக்குப் போயிச் சிரிப்பன்."

மக்பூல் சாரத்தின் நுனியால் முகத்தைத் துடைத்தான். சிலாபம் வந்தது. தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தான். பஸ் கிளம்பியதும் மெல்ல ஆரம்பித்தான்.

"அப்ப அந்த முத்தலிபு ஹாஜியார் ஆட்டக் கொண்டு வந்த கதைக்கு?"

"சிரிச்சன்."

"பல்லு டொக்டர் கதைக்கு?"

"சிரிச்சன்."

"எருமமாடு பாஸ்போட் எடுக்கப் போன கதைக்கு?"

"அதுக்கு இல்ல."

"அதுக்கு ஏன் இல்ல? அது என்ட நல்ல பகிடி!"

"வருத்தம் முகத்திலதான் இரிக்கு, ஷிம்லாட வாப்பா. மூளையில இல்ல."

மதுரங்குளி வரைக்கும் அவன் எருமைமாட்டுக்காக வாதாடினான். அவள் அசையவில்லை.

அலீமாவிடம் விஷயத்தைச் சொல்ல மக்பூல் தனியாகத்தான் போனான். படங்களையும் கொண்டுபோனான். டொக்டர் சொன்னமாதிரியே வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, சாம்பலையும் வெள்ளையையும் காட்டி, "தசையெல்லாம் கொழுப்பா மாறிட்டு ராத்தா" என்றான்.

"இத எடுக்கவா கொழும்புக்குப் போனீங்க?" என்றாள் அலீமா. "கலியாணத்தண்டே நான் காசு வாங்காமலே சொன்னன்தானே, அவவுக்குக் கொழுப்பு எண்டு!"

சொல்லிமுடித்தபிறகுதான் தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. திரும்பவும் படத்தை வாங்கிப் பார்த்தாள். முதுகுப்பக்கம் முழுவதும் வெள்ளையாக இருந்ததைப் பார்த்தாள். "இவ்வளவு கெட்டுப்போன கையிலயா நான் தட்டத்தத் தூக்கிக் குடுத்தன்?" என்றாள். அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பின்னேரம் சம்பந்தியம்மாவையும் கூட்டிக்கொண்டு தில்லையடிக்கு வந்தாள். இரண்டு பெண்களும் ஜெய்னம்புவைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். ஜெய்னம்பு வழக்கமான முகத்தோடு அவர்கள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாமல் சம்பந்தியம்மா மக்பூலைப் பார்த்தார். "ரெண்டும்," என்றான் மக்பூல். அவனுக்கு இப்போது அந்தத் தோள்களை வாசிக்கத் தெரிந்துவிட்டது.

சில மாதங்களில் ரத்தமுடிவு வந்தது. டொக்டர் சொன்னதுதான். ஸுஹைபைக் கூட்டிவர மக்பூலும் ஜெய்னம்புவும் மன்னாருக்குப் போனார்கள்.

ஸுஹைப் புதிதாகக் கட்டிய வீட்டுக்கு முன்னால், வேப்பமரத்தடி வாங்கில், வெறும் மேலோடு உட்கார்ந்திருந்தார். வயல் செய்கிறவர், பிடிவாதக்காரர். "எனக்கு ஒண்டும் இல்ல," என்றார். "கை கொஞ்சம் எழும்பாது. அதுக்கு மெஷினுக்குள்ள போகணுமா?" மக்பூல் கொழும்பில் நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னான். சாம்பல், வெள்ளை, முன்பக்கம், பின்பக்கம் எல்லாம் கையால் காட்டிக்காட்டிச் சொன்னான். ஸுஹைப் கல்போலக் கேட்டுக்கொண்டிருந்தார். ஜெய்னம்பு பக்கத்தில் அதே கல்லாக உட்கார்ந்திருந்தாள்.

ஸுஹைப் குனிந்து தங்கையிடம் ஏதோ மெதுவாகச் சொன்னார். இரண்டு முகமும் ஒரு மயிரிழை மாறவில்லை. ஆனால் இரண்டு சோடித் தோள்களும் சேர்ந்து குலுங்கத் தொடங்கின. "ஹ்க், ஹ்க்" என்று ஒரு பக்கம், "க்ஹூ, க்ஹூ" என்று மறுபக்கம். அவர்கள் உட்கார்ந்திருந்த வாங்கே ஆடியது.

"என்ன கதை? எனக்கும் சொல்லுங்க," என்றான் மக்பூல்.

ஜெய்னம்புவுக்கு மூச்சுவர நேரமெடுத்தது. "நானா கேக்கிறார், உங்கள அந்த மெஷினுக்குள்ள போட்டா, ஒடம்பு முழுக்க வெள்ளையாக் காட்டி, வாயில மட்டும் தச இரிக்குமா எண்டு."

மக்பூல் அதை எடைபோட்டுப் பார்த்தான். நல்ல பகிடி. தன்னுடைய எருமைமாட்டைவிட நல்ல பகிடி. அதை ஒப்புக்கொள்வது கஷ்டமாக இருந்தது, ஆனால் அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சத்தமாக, முகம் முழுவதும் சுருங்கிச் சிரித்தான். அண்ணனும் தங்கையும் அந்த முகத்தை ஆச்சரியத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இவ்வளவு பெரிசா இழுபடுமா மச்சான் மூஞ்சி?" என்றார் ஸுஹைப். "நோகாதா?"

"நோகும்," என்றான் மக்பூல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு. "சட்டையப் போடுங்க மச்சான். கொழும்பு பஸ் வரப்போகுது."